மொட்டை மாடிக்கு எது: வெள்ளைப் பூச்சா, மாடித் தோட்டமா?

ஏரியும் வயலும் சதுப்பும் இருந்த சென்னையின் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இன்று பெரும்பாலும் கான்கிரீட். நீர் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்க ஈரமண் குறைந்துவிட்டது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய தளம் இரவில் அதை வீட்டுக்குள் இறக்குகிறது. மேல்மாடிக்காரர்கள் நள்ளிரவிலும் புழுங்குவது இதனால்தான். ஊரை மாற்ற நாளாகும், மாடியை இந்தக் கோடைக்குள்ளேயே மாற்றலாம்.

செலவு
பூச்சு: சுண்ணாம்பு மிக மலிவு, வெயிலைத் திருப்பும் கூல் ரூஃப் (குளிர்கூரை) பெயின்ட் கூடுதல்.
தோட்டம்: பை, மண், உரம் என்று நீளும்.

குளிர்ச்சி
பூச்சு: வெயிலின் பெரும்பகுதியை அப்படியே திருப்பி அனுப்பும். தளம் முழுக்க உடனே பலன்.
தோட்டம்: நிழலோடு இலைகள் விடும் ஈரமும் சேரும். ஆனால் நாலு தொட்டி வைத்தால் நாலு தொட்டியின் அடியில் மட்டும்தான் குளிர்ச்சி.

உழைப்பு
பூச்சு: தூசி படிந்தால் பலன் குறையும், கழுவ வேண்டும். சுண்ணாம்பு மழையில் கரையும். கோடைக்கு முன் மறுபடி அடிக்க வேண்டும்.
தோட்டம்: தினமும் தண்ணீர். மே மாதம் லாரித் தண்ணீர் வாங்கும் தெருவில் இது பெரிய பாரம்.

தளம்
பூச்சு: எடையே இல்லை.
தோட்டம்: ஈரமண் கனக்கும். பழைய கட்டடமென்றால் பொறியாளரிடம் கேட்காமல் ஏற்றவே கூடாது.

வாடகை வீடு, பலம் குறைந்த பழைய தளம், தண்ணீர்த் தட்டுப்பாடு என்றால் பூச்சுதான். தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே கொள்கை கொண்டுவந்தது. நம் ஊரிலும் அது வர வேண்டும். சொந்த வீடு, உறுதியான தளம், வீட்டில் ஆள் இருந்தால் தோட்டம் போடுங்கள், மீதி இடத்துக்கு வெள்ளை அடித்துவிடுங்கள்.