புக்கிட் ரோத்தான் பக்கம் நடக்க: செம்பனைத் தோட்டமா, கடலோர வரப்பா?

தீபாவளிக்கு மலேசியாவின் கோலாசிலாங்கூர் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரான புக்கிட் ரோத்தானுக்கு வருபவர்கள் காலையில் எந்தப் பக்கம் நடக்கலாம் என்று கேட்டால், என் ஓட்டு கோலாசிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் கரைவரப்புக்குத்தான்.

செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்துப் பாதை மோசமில்லை. வீட்டு வாசலிலிருந்தே நடக்கலாம், கார் வேண்டாம், செம்மண் சாலை அகலம், செம்பனை மட்டைகள் மேலே கூடி நின்று வெயிலை மறைக்கும், எலி பிடிக்க ஆந்தைகளுக்கென்று கம்பத்தில் மாட்டிய பெட்டிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். நாட்டிலேயே முதன்முதலாக 1917-இல் வணிகத்துக்காகச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டமும் இதே மாவட்டம்தான், தாத்தா பாட்டி உழைத்த மண் என்று சொல்லிக்கொண்டே நடக்கலாம். ஆனால் மழை பெய்தால் லாரித் தடம் முழுக்கச் சேறு, அப்புறம் எலி இருக்கிற இடத்தில் நாகமும் இருக்கும், வெட்டிப்போட்ட மட்டைக் குவியல் பக்கம் போகாதீர்கள்.

கரைவரப்புக்குக் காரில் போகணும், நிழலும் குறைவு, சரி. ஆனால் கடல் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கப் போட்ட அந்த மண்மேட்டில் நின்றால் ஒரு பக்கம் சதுப்புக்காடு, மறுபக்கம் கொக்கும் நாரையும். கடல் வற்றும் நேரத்தில் குனிந்து பாருங்கள், சேற்றில் ஒரு மீன் துடுப்பை ஊன்றி நகரும், பக்கத்து வளையிலிருந்து ஒற்றைப் பெரிய கொடுக்கோடு நண்டு எட்டிப் பார்க்கும். பிள்ளைகள் கிளம்பவே மாட்டார்கள். காலையிலேயே போய்விடுங்கள், கொசு மருந்து மறக்காதீர்கள்.