மார்ச் தொடக்கத்தில் அன்னபூர்ணா: பேஸ் கேம்ப்பா, சர்க்யூட்டா?

காரைக்குடியில் மார்ச் பிறந்தாலே மத்தியானம் வெளியே தலைகாட்ட முடியாது. அதே வாரத்தில் நேபாளத்து மலைகளில் குளிர்காலப் பனி இன்னும் முழுசாக உருகியிருக்காது என்பது, இங்கே உட்கார்ந்து டிக்கெட் போடும்போது யாருக்கும் உறைப்பதில்லை. நல்ல சீசன் என்றால் மார்ச் கடைசியிலிருந்து மே வரை, அப்புறம் அக்டோபர், நவம்பர். ஆனால் பிள்ளைகள் பரீட்சை, பங்குனி உத்திரம், வீட்டு விசேஷம் என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் நமக்கு வாய்ப்பது மார்ச் முதல் பாதிதான். அன்னபூர்ணா மலையடிவார முகாம் வரை போய்த் திரும்புவது பேஸ் கேம்ப் பாதை, மலைத்தொடரைச் சுற்றிக் கணவாய் தாண்டிப் போவது சர்க்யூட். அந்தச் சமயத்துக்கு நாங்கள் இரண்டு பாதைகளையும் எடைபோட்டுப் பார்த்து சர்க்யூட்டுக்குப் போனோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், கையில் நாள் இருந்தால்.

மேலோட்டமாகப் பார்த்தால் பேஸ் கேம்ப்தான் சுலபம். உயரம் 4,130 மீட்டர்தான். பொக்காரா நகரத்திலிருந்து ஜீப்பில் கொஞ்ச தூரம் போய்விட்டு நடந்தால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம், வழியெல்லாம் விடுதி. சர்க்யூட்டில் 5,416 மீட்டர் தொராங் லா கணவாயைத் தாண்டியாக வேண்டும், நாளும் ஏறக்குறைய இரட்டிப்பு. அன்னபூர்ணா பகுதி அனுமதிச் சீட்டு இரண்டுக்கும் ஒன்றுதான், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய். இதையெல்லாம் வைத்து முதல் தடவை போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பேஸ் கேம்ப்பைப் பிடிக்கிறார்கள்.

நான் பார்ப்பது வேறு ஒன்றை. திடீரென்று இரண்டு நாள் பனி கொட்டினால், அப்போது நாம் ஆபத்தான இடத்துக்கு எந்தப் பக்கம் இருப்போம்?

பேஸ் கேம்ப் பாதை ஒரு முட்டுச்சந்து. போன வழியேதான் திரும்ப வேண்டும். ஹிமாலயா என்கிற விடுதி நிறுத்தம் தாண்டி, ஹிங்கு குகை, தேவுராலி வழியாக, அன்னபூர்ணா பேஸ் கேம்ப்புக்கு முந்தைய நிறுத்தமான மச்சபுச்சரே பேஸ் கேம்ப் வரை போகிற துண்டு, குறுகலான பள்ளத்தாக்கு. தலைக்கு மேலே ஹியுன்சூலி சிகரத்தின் சரிவுகள். அதில் எவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது என்று பாதையில் நிற்கிறவனுக்குத் தெரியாது, பாறைச் சுவர் மறைத்துவிடும். கீழே வெயில் அடித்து, சட்டையைக் கழற்றிவிட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மேலிருந்து சரியலாம். 2020 ஜனவரியில் அந்த இடத்தில்தான் பனிச்சரிவில் சிக்கி நான்கு கொரியர்களும் மூன்று நேபாளிகளும் இறந்தார்கள். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை என்று அந்தத் துண்டை இரண்டு தடவை கடக்க வேண்டும். நாம் மேலே இருக்கும்போது பனி கொட்டினால் வீட்டுக்கும் நமக்கும் நடுவில் அந்தத் துண்டு நிற்கும். சரி, அங்கேயே காத்திருக்கலாம்தான், ஆனால் திரும்புகிற விமான டிக்கெட் பையில் இருக்கிற ஆள் எத்தனை நாள் காத்திருப்பான்?

சர்க்யூட்டிலும் சரிவு விழுகிற இடங்கள் உண்டு, கணவாய்க்குக் கீழே உள்ள நிறுத்தங்களான யாக் கர்காவுக்கும் தொராங் பேடிக்கும் நடுவில் கல்லும் உருளும். ஆனால் பெரிய கண்டம் ஒரே ஒரு நாள்தான், அந்த நாளைத் தேர்ந்தெடுப்பது நம் கையில். வானிலை மோசமென்றால் கணவாய்க்கு முன்னால் இருக்கிற மனாங் ஊரில் உட்கார்ந்துகொள்ளலாம். நன்றாகவே கெட்டுப்போனால் வந்த வழியே இறங்கி ஜீப் பிடித்து அடிவார ஊரான பேசிசஹர் வந்துவிடலாம். ஆபத்து நமக்கு முன்னால் இருக்கிறது, பின்னால் இல்லை. எனக்கு முடிவெடுக்க இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

நாளைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014 அக்டோபரைப் பார்த்தால் போதும். விசாகப்பட்டினத்தில் கரையேறிய அதே ஹுட்ஹுட் புயல்தான் வடக்கே போய் அங்கே பனியாகக் கொட்டியது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் தொராங் லாவைத் தாண்டிக்கொண்டிருந்தவர்கள். அதுவும் நல்ல சீசனிலேயே. வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால் நாம் மாடியில் காயும் வற்றலை எடுக்கிறோம் இல்லையா, அதே செய்திக்குக் கணவாய்க்குக் கீழே நின்றுவிட வேண்டும்.

சர்க்யூட்டின் உண்மையான எதிரி உயரம். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை. இப்போது மனாங் வரை ஜீப் ஓடுகிறது, ஒரே மூச்சில் 3,500 மீட்டரில் போய் இறங்கிவிடலாம். அதைச் செய்யவே கூடாது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கொரு நாள் ஓய்வு வேண்டும். நாங்கள் மனாங்குக்குக் கீழே உள்ள சாமேயிலிருந்து நடந்தோம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து காய்த்துப்போன கால் என்று கூட வந்த மாமா தெம்பாக இருந்தார். கால் சொன்னபடி கேட்டது, தலைவலி கேட்கவில்லை. மனாங்கில் கூடுதலாக ஒரு நாள் தங்கி, அது விட்ட பிறகுதான் ஏறினோம். தலைவலியோடு மேலே ஏறாதே என்பதில் எந்தச் சமரசமும் கிடையாது.

கணவாய் நாளன்று விடியுமுன் கிளம்ப வேண்டும், முற்பகல் ஏற ஏற மேலே காற்று பிடித்துக்கொள்ளும். குழாய் வைத்த தண்ணீர்ப் பை வீண், அரை மணியில் குழாய் உறைந்து குச்சியாகிவிடும். சாதாரண பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் பனிக்கட்டி அடிப்பக்கம் கட்டும், மூடி திறக்கும். அப்புறம் மைக்ரோஸ்பைக். ரப்பரை இழுத்து பூட்ஸ் மேல் மாட்டுகிற இரும்புப் பல்சங்கிலி அது, பொக்காராவில் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் மாட்டிப் பழகும்போது வெறுங்கையோடு பழகாதீர்கள், தடித்த கையுறையோடு இருட்டில் மாட்ட வருகிறதா என்று பாருங்கள். ஏறுவதைவிட, கணவாய்க்கு அந்தப் பக்கம் உள்ள முக்திநாத் கோயிலை நோக்கி இறங்குவதில்தான் அது உயிர் காக்கும், ஒரே நாளில் 1,600 மீட்டர் இறக்கம், முழங்கால் கழன்றுவிடும். பயிற்சிக்கு பிரான்மலை போகிறவர்கள் பையில் சுமையோடு இறங்கிப் பழகுங்கள்.

வீட்டில் சம்மதம் வாங்குவதிலும் சர்க்யூட்டுக்குத்தான் வெற்றி. வெறும் பனியைப் பார்க்க இவ்வளவு செலவா என்று கேட்ட அப்பத்தா, முக்திநாத் 108 திவ்ய தேசத்தில் ஒன்று என்றதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பேஸ் கேம்ப்புக்கு நான் போனது அக்டோபரில், பாதை காய்ந்து கிடந்தது. மார்ச்சில் அங்கே நடந்த அனுபவம் எனக்கு இல்லை, அதனால் என் பேச்சில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம்தான் லீவு, உயரம் ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் பேஸ் கேம்ப்தான் சரி. ஆனால் கடைசியாகப் பனி பெய்து இரண்டு மூன்று நாளாவது கழிந்திருக்க வேண்டும், தேவுராலித் துண்டை வெயில் ஏறுமுன் நிற்காமல் கடக்க வேண்டும். பனி அதிகமென்றால் ஆற்றைக் கடந்து எதிர்க்கரை வழியாகக் கூட்டிப்போவார்கள், அதற்குப் பாதை தெரிந்த கைடு வேண்டும். எப்படியும் 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் கைடோடு போக வேண்டும் என்பது நேபாளத்தின் விதி.

எந்தப் பாதையானாலும் காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்பு சேர்ந்திருக்கிறதா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்று கிளம்புமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மனாங்கிலோ ஹிமாலயாவிலோ விடுதிக்காரரிடம் 'பாதை திறந்திருக்கா?' என்று கேட்டால் எல்லோரும் திறந்திருக்கிறது என்பார்கள். கடைசியாக யார், எந்த நாள், எத்தனை மணிக்குத் தாண்டினார்கள் என்று கேளுங்கள்.