பால்கனி அறைக்குப் பணம் கட்டினோம். திரைக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது

கடந்த இரண்டு வாரங்களாக எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரப் படம் சுற்றி வருகிறது. பாம்பன் புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி உயர்ந்து நிற்க, அதன் அடியில் பதினைந்து மாடிச் சொகுசுக் கப்பல் ஒன்று நுழைவதுபோல் ஒட்டுவேலை செய்யப்பட்ட படம் அது. கீழே "எல்லாச் செலவும் உட்பட" என்ற வரியும் முன்பணம் கட்டுவதற்கான கைப்பேசி எண்ணும் உள்ளன. அந்த எண் எனக்கு மனப்பாடம். 2024-இல் என்னிடம் 3,45,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, சொன்னதில் பாதியைக்கூடச் செய்யாத ராமநாதபுரத்து முகவரின் எண் அது. வழக்கு நடப்பதால் பெயரை எழுத வேண்டாம் என்று வழக்கறிஞர் கூறியிருக்கிறார்; நடந்ததை எழுதத் தடையில்லை.

முதலில் அந்தப் படத்தைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் தூக்குப் பகுதி 72.5 மீட்டர் நீளமுடையது. 17 மீட்டர் வரை உயரக்கூடியது. நாங்கள் ஏறிய கப்பல் நீர்மட்டத்துக்கு மேலேயே 50 மீட்டருக்குக் குறையாமல் நின்றது. நீருக்குள் எட்டு மீட்டருக்கு மேல் ஆழம் கேட்பது. பாம்பன் கால்வாயில் மீன்பிடிப் படகுகளும் இழுவைப் படகுகளும் சிறு கப்பல்களும்தான் போக முடியும் என்பது, அந்தப் பக்கம் ஒருமுறை வத்தையில் போய்வந்தவருக்குக்கூடத் தெரியும். நம் கடலை நமக்கே தப்பாகக் காட்டி விற்கும் துணிச்சல் இவருக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வியக்கவில்லை, ஏனென்றால் என்னிடமும் அது பலித்தது.

நான் கீழக்கரைக்காரன். என் வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். திருமணமான புதிதில், 1970-களில், உம்மா அவருடன் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு 'ராமானுஜம்' கப்பலில் போனவர். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு அந்தப் போக்குவரத்து ராமேஸ்வரத்துக்கு மாறியதையும், 1980-களின் தொடக்கத்தோடு நின்றுபோனதையும் இங்குள்ள பெரியவர்கள் அறிவார்கள். "இன்னொரு தடவை கப்பல்ல போகணும், படுத்துக்கிட்டே கடலைப் பாக்கணும்" என்று உம்மா சொல்லிக்கொண்டே இருந்ததால், சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் நான்கு இரவுப் பயணத்துக்கு, உம்மா, மனைவி, நான் என மூவருக்கும் சேர்த்து, பால்கனியுடன் கூடிய அறை வேண்டும் என்று அழுத்திச் சொல்லி, பயணத்துக்கு ஐந்து மாதங்கள் முன்பாகவே, ஜூன் மாதத்தில், முழுத் தொகையையும் கட்டினேன். கையில் கிடைத்தது அவருடைய கடைத் தாளில் எழுதிய ரசீது ஒன்றுதான். கப்பல் நிறுவனத்தின் முன்பதிவு எண்ணைக் கேட்டபோதெல்லாம் "கடைசி வாரத்தில் வரும், பாய்" என்ற பதிலே வந்தது. அங்கே நான் விழித்திருக்க வேண்டும்.

நவம்பரில் திருச்சியிலிருந்து விமானம். சிங்கப்பூர் துறைமுக முனையத்தில் உம்மாவின் பெயரில் முதல் சிக்கல். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். முகவர் அந்த இடத்தில் தலைப்பெழுத்தைத் தட்டிவிட்டிருந்தார். அதைச் சரிசெய்ய முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தில்தான், முகப்பிலிருந்த பெண் கணினியைத் திருப்பிக் காட்டியதால், எனக்கு உண்மை தெரிந்தது. எங்கள் அறை பதிவு செய்யப்பட்டது ஜூனில் அல்ல, பயணத்துக்குப் பதினொரு நாட்களுக்கு முன்பு. வகை: உள்ளறை. அதிலும், அறை எண்ணைக் குறிப்பிடாமல், விற்காமல் மிஞ்சிய உள்ளறைகளில் ஏதோ ஒன்றைக் கப்பல் நிறுவனமே கடைசியில் ஒதுக்கித் தரும் மலிவு வகை. முகவரைத் தொலைபேசியில் அழைத்தேன். கப்பல் புறப்படும்வரை அவர் எடுக்கவில்லை. மாற்றித் தரக் கப்பலில் பால்கனி அறை எதுவும் காலியாக இல்லை.

எட்டாம் தளத்தில் நீண்ட நடைபாதையில் உருட்டுப்பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்ததும், கட்டிலுக்கு எதிரே முழு அகலத்துக்கு ஒரு திரைச்சீலை தொங்கியது. உம்மா ஆவலாகப் போய் அதை விலக்கினார். பின்னால் கண்ணாடி பதித்த சுவர். அதில் அவருடைய முகமே தெரிந்தது. சிறிது நேரம் பார்த்துவிட்டு, "ராமானுஜம் கப்பல்ல காத்தாவது வந்துச்சு வாப்பா" என்றார். அதற்குமேல் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

சன்னல் இல்லாத அறையில் விடிந்ததா, இருட்டியதா என்று தெரியாது. அதிகாலை சுபுஹு தொழுகைக்கு உம்மா கைப்பேசி மணியை நம்பினார். தொழும்போது நோக்க வேண்டிய கிப்லா, அதாவது மக்கா இருக்கும் திசை, எந்தப் பக்கம் என்பதற்கு என்னை நம்பினார். கப்பல் எந்தத் திசையில் போகிறது என்று காட்டும் அலைவரிசை ஒன்று அறைத் தொலைக்காட்சியில் உண்டு. மலாக்கா நீரிணையில் வடமேற்காகப் போகும்போது ஏறத்தாழக் கப்பலின் அணியத்துப் பக்கமாகவும், திரும்பி வரும்போது நேர் எதிராகப் பின்பக்கமாகவும், ஒவ்வொரு வேளையும் அதைப் பார்த்துப் பார்த்து விரிப்பைத் திருப்பிப் போட்டேன்.

கப்பலின்மேல் எனக்குக் குறையில்லை. ஊழியர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். கப்பல் ஓடுவதே தெரியாத அளவுக்கு அசைவு குறைவு. புறப்படும் முன் ஒவ்வொருவரையும் அவரவர் கூடுமிடத்துக்கு வரவழைத்து உயிர்காப்புப் பயிற்சி தந்தார்கள். 2012-இல் இத்தாலியில் ஒரு பயணக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்த பிறகு, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ இப்பயிற்சி நடந்தாக வேண்டும் என்று விதி இறுக்கப்பட்டது. ஆனால் முகவர் "ஹலால் சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சு" என்றிருந்தாரே, அப்படி ஒரு குறிப்பே முன்பதிவில் இல்லை. சிறப்பு உணவை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று உணவக மேலாளர் வருத்தத்துடன் சொன்னார். நான்கு நாட்களும் காய்கறியும் மீனும். அந்த மீனைப் பற்றிக் கீழக்கரையில் பிறந்தவன் எழுதாமல் இருப்பதே நாகரிகம்.

"எல்லாச் செலவும் உட்பட" என்ற வரியின் பொருள் கடைசி நாள் கணக்கில்தான் விளங்கியது. சேவைக் கட்டணம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 16 டாலர் வீதம், மூவருக்கு நான்கு நாட்களில் 192 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 16,000 ரூபாய். இணையம் தனி, புக்கெட்டில் கரைச் சுற்றுலா தனி. அந்த ஊரில் எங்கள் கப்பல் கரையணையாமல் பத்தோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு, பயணிகளைச் சிறு படகுகளில் ஏற்றி அனுப்பியது. முழங்கால் வலியுள்ள உம்மாவால் ஏறி இறங்கும் அந்தப் படகில் கால்வைக்க முடியவில்லை. சுற்றுலாவுக்குக் கட்டிய பணம் போயிற்று. படகு மாற வேண்டியிருக்கும் என்று முகவர் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியிருந்தால் கட்டியிருக்கவே மாட்டோம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மோசடி, ஊர் திரும்பி எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு, விற்பவர் நம்மிடம் வரி பிடித்து நம் பான் எண்ணில் அரசுக்குச் செலுத்த வேண்டும். அப்போதைய விகிதப்படி 5 சதவீதம் என்று 17,250 ரூபாயைத் தனியே வாங்கியிருந்தார். அது நம் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடிய தொகை. 2025 ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்ய நம் பெயரில் பிடித்துக் கட்டிய வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால், அந்தத் தொகை அதில் இல்லை. வரி பிடித்ததற்கு விற்பவர் தர வேண்டிய 27டி சான்றிதழைக் கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்போல் பேசினார். வழக்கறிஞர் அறிவிப்பு போன பிறகு அந்த 17,250 மட்டும் திரும்பி வந்தது. மீதிக்கு 25,000 தருவதாகச் சொன்னார், மறுத்துவிட்டேன்.

எனவே இப்போது அந்த விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்ட இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். மீதித் தொகையைக் கொடுக்கும் முன், கப்பல் நிறுவனத்தின் முன்பதிவு எண்ணை வாங்கி, அந்நிறுவனத்தின் தளத்திலோ தொலைபேசியிலோ நீங்களே சரிபாருங்கள். அதில் அறை எண்ணும் வகையும் பெயரின் எழுத்துகளும் இருக்கும். பால்கனி என்று இருந்தாலும், உயிர்காப்புப் படகு மறைக்கிறதா என்று கேளுங்கள். வரி என்று எதை வாங்கினாலும் பான் எண்ணைக் கொடுத்து, பிறகு அது உங்கள் வருமான வரிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விகிதம் அவ்வப்போது மாறும்.

ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற எண்ணிலும் வழி சொல்கிறார்கள். நான் ராமநாதபுரத்தில் கொடுத்திருக்கிறேன். கடைத் தாள் ரசீது முதல் ஆவணம். முகப்புப் பெண் அச்சிட்டுத் தந்த, முன்பதிவுத் தேதியுள்ள தாள் இரண்டாவது. திரைச்சீலையை விலக்கியபடி உம்மா சுவருக்கு முன்னால் நிற்கும் படம் மூன்றாவது.