ஜப்பானியம் பேசத் தொடங்க எது உதவும்: மின்னா, இரோடோரி, பிம்ஸ்லர், நேர்ப்பேச்சு

ஜப்பானில் போய் இறங்கிய ஒருவர் முதலில் வாய் திறக்கும் இடம் பெரும்பாலும் கொன்பினியாக இருக்கும். இரவு பகல் திறந்திருக்கும் சின்னக் கடை அது. பாடப்புத்தகம் 'கோரே வா இகுரா தேஸ் கா', அதாவது 'இது எவ்வளவு' என்று கேட்கக் கற்றுத்தருகிறது. கொன்பினியில் அதைக் கேட்கவே தேவையில்லை, விலை ஒட்டியிருக்கும். கேள்விகள் எல்லாம் கல்லாவில் நிற்பவரிடமிருந்துதான் வரும். பை வேண்டுமா (2020 ஜூலையிலிருந்து பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்குகிறார்கள்), சாப்பாட்டைச் சூடாக்கித் தரட்டுமா, பாயின்ட் கார்டு இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்பார், அதுவும் உபசார மொழியில் மளமளவென்று. ஒரு கற்றல் முறை நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான்: எதிர்பாராத கேள்வி ஒன்று வந்தால் அந்த இடத்திலேயே பதில் வருகிறதா?

முதலில் எல்லோருக்கும் தெரிந்த பாடப்புத்தகமான மின்னா நோ நிஹோங்கோ. தொடக்க நிலை இரண்டு புத்தகங்கள், மொத்தம் 50 பாடங்கள். ஒரு வாக்கிய அமைப்பைச் சொல்லி, சொற்களை மாற்றி மாற்றிப் போட்டு வகுப்பு முழுவதும் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது அதன் வழி. அடித்தளம் உறுதியாக விழும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பேச்சு தாமதமாகிறது. வினையின் 'தே' வடிவம் (நம் வினையெச்சம் போன்றது) 14ஆம் பாடத்தில் வருகிறது. நண்பர்களோடும் வீட்டிலும் பேசும் சாதாரண நடை 20ஆம் பாடத்தில்தான். அதுவரை மாணவர் 'மாஸ்', 'தேஸ்' என்ற மரியாதை முடிவுகளிலேயே வாக்கியத்தை முடிக்கிறார். சக ஊழியர் ஒருவர் சாப்பிடும்போது இயல்பாகப் பேச ஆரம்பித்தால் காதில் பாதி விழாது.

இங்கே தமிழருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. வாக்கியப் பயிற்சியில் பெரும்பகுதி, வினையைக் கடைசியில் வைக்கவும் உருபைப் பெயருக்குப் பின்னால் சேர்க்கவும் ஆங்கிலம் பேசுபவரைப் பழக்குவதற்கே போகிறது. நமக்கு அது பிறவியிலேயே வந்தது. 'போய்ப் பார்', 'எழுதி வை', 'சாப்பிட்டுவிட்டேன்' என்று வினையெச்சத்தோடு துணைவினை சேர்த்துப் பேசுபவருக்கு, இரண்டாம் புத்தகத்தில் வரும் 'தே மிரு', 'தே ஒகு', 'தே ஷிமாவ்' எல்லாம் பார்த்த முகம். 'கோரே, சோரே, அரே' (இது, உது, அது) என்ற மூன்று சுட்டும், 'உது' என்ற சொல்லை இன்னும் விடாத யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கம் இல்லாமலே பிடிபடும். (ஜப்பானிய மொழி அறிஞர் ஓனோ சுசுமு இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று வாதாடினார், மொழியியலாளர் பலர் ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாணவருக்கு லாபம் லாபம்தான்.) வாக்கிய அமைப்பில் மிச்சமாகும் அந்த நேரத்தைக் காதுக்கும் வாய்க்கும் கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி.

அதனால்தான் ஜப்பான் ஃபவுண்டேஷன் வெளியிட்ட இரோடோரியை முதலில் கையில் எடுக்கச் சொல்கிறேன். ஜப்பானில் வேலை செய்து வாழப்போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. புத்தகமும் ஒலிப்பதிவும் இணையத்தில் இலவசம். இதன் இரண்டாம் பாடத்தின் தலைப்பே 'மன்னிக்கவும், சரியாகப் புரியவில்லை' என்பது! இந்த ஒரு வாக்கியம் தெரியாமல்தான் பலர் தெரியாத கேள்விக்கெல்லாம் 'ஹாய்' (ஆமாம்) என்று தலையாட்டிவிட்டு வருகிறார்கள். நான்காம் பாடத்தில் 'நான் தோக்கியோவில் வசிக்கிறேன்' என்று சொல்லிவிடலாம். மின்னாவில் அதே 'சுந்தே இமாஸ்' 15ஆம் பாடத்துக்குக் காத்திருக்கிறது. ஆறாம் பாடத்தில் பர்கர் கடையில் ஆர்டர் கொடுக்கிறீர்கள். இலக்கணத்தை முழுதாகப் பிரித்துக் காட்டும் முன்பே வாக்கியத்தை அப்படியே வாயில் போட்டுவிடுகிறது. எதற்கும் காரணம் தெரிந்தாக வேண்டும் என்பவருக்கு இது கொஞ்சம் எரிச்சல் தரும். அவர்கள் மின்னாவின் இலக்கண விளக்கத் தொகுதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

பிம்ஸ்லர் அரை மணி நேர ஒலிப்பாடங்களாக வருகிறது. 'இதை எப்படிச் சொல்வாய்' என்று ஆங்கிலத்தில் கேட்டு, இடைவெளி விட்டு, பிறகு விடையைச் சொல்கிறது. நடந்துகொண்டே வாய்விட்டுப் பேசிப் பழக நல்லது. வாயிலிருந்து ஜப்பானியம் வர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில் பாடப்புத்தகங்களை விடக் கறார். ஆனால் தமிழரின் மனம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், வாக்கியத்தைத் தலைகீழாக்கி, மறுபடி நேராக்கிக்கொண்டு ஜப்பானியத்துக்கு வருகிறது. இந்தச் சுற்றுவழிக்குச் சந்தா கட்ட நான் சொல்ல மாட்டேன். காசில்லாமல் அதே வேலை நடக்கும்: இரோடோரியின் உரையாடல் பதிவை ஓடவிட்டு, அரை நொடி பின்தங்கிக் கூடவே பேசிப் பாருங்கள்.

அப்புறம், ஆளோடு பேசுவது. ஹலோடாக், டான்டம் போன்ற செயலிகளில் கிடைக்கும் ஜப்பானியர் பெரும்பாலும் ஆங்கிலம் பழக வந்தவர்கள். ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு ஆங்கிலத்துக்குச் சரிந்துவிடும். நேரத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து, கடிகாரம் வைத்துப் பேச வேண்டும். ஜப்பானிலேயே இருப்பவருக்கு இந்தக் கவலை குறைவு. உள்ளூர்ப் பன்னாட்டுச் சங்கங்களில் தன்னார்வலர் நடத்தும் மொழி வகுப்புகள் இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ கிடைக்கும், பேசுவதே அங்கு வேலை. எந்தப் பதிவும் தராத ஒன்றை ஆள் தருகிறார்: எதிரே இருப்பவர் பேசும்போது நடுநடுவே 'ஹாய்', 'ஸோ தேஸ் நே' (அப்படித்தான்) என்று ஒப்புக்கொண்டே இருக்கும் பழக்கம். அமைதியாகக் கேட்பது அங்கே கவனிக்கவில்லை என்றுகூடத் தோன்றலாம்.

நம் உச்சரிப்பைத் திருத்தவும் ஆள்தான் வேண்டும். நெடில் குறிலும், இரட்டித்த மெய்யும் நமக்கு எளிது. 'ஒபாசன்' என்றால் பாட்டி, 'ஒபசன்' என்றால் அத்தை முறை, இதில் தமிழர் தடுமாறுவதில்லை. சொல்லின் நடுவில் வரும் தனிக் ககர, தகரத்தைத்தான் குழைத்துவிடுகிறோம். 'வலிக்கிறது' என்பதற்கான 'itai' என்ற சொல்லின் நடு ஒலியைப் 'பாதை'யில் உள்ள தகரம் போல மென்மையாக்கினால் மருத்துவர் புருவம் சுருக்குவார். தமிழ் எழுத்தில் குறித்துப் படிப்பவருக்கு இந்தப் பழக்கம் போகவே போகாது, ஏனென்றால் நம் எழுத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே வடிவம். முதல் இரண்டு வாரத்திலேயே ஹிரகானாவின் 46 எழுத்துகளைப் படித்துவிட்டு, குறிப்பை அதிலேயே எழுதுங்கள்.

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வுதான் இலக்கு என்றால் என் தேர்வு மாறும். அதில் பேச்சுப் பகுதியே கிடையாது, திறன் தொழிலாளர் விசாவுக்கான ஜேஎஃப்டி பேசிக் தேர்விலும் கிடையாது. என்5, என்4 என்ற தொடக்க நிலைகள் மட்டும் போதும் என்பவருக்கு மின்னா வகுப்பு தாராளம். சென்னையில் ஏபிகே ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற இடங்களில் சேர்ந்து ஒழுங்காகப் படிக்கலாம். போய் வேலை பார்க்கப்போகிறவர் வாரத்தில் நான்கு நாள் இரோடோரி, இரண்டு நாள் ஆளோடு அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளட்டும். முதல் சந்திப்பிலேயே கொன்பினிக் கல்லாவை நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: அவர் கேட்க வேண்டும், நீங்கள் பதில் சொல்ல வேண்டும், ஒவ்வொரு முறையும் அவர் கேள்வியின் வரிசையை மாற்ற வேண்டும்.