மெடிக்கல் கோடிங் படிக்கக் காசு கட்டுமுன் பார்க்கின்சன் பாடத்தை வாங்கிப் பாருங்கள்

வீட்டிலிருந்தே அமெரிக்கக் கம்பனிக்கு வேலை, டொலரில் சம்பளம் என்று மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் மெடிக்கல் கோடிங் விளம்பரங்கள் வட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. வைத்தியர் எழுதும் நோயையும் சிகிச்சையையும், காப்புறுதியில் காசு கேட்பதற்கான குறியீடுகளாக (கோட்) மாற்றுவதுதான் இந்த வேலை. தொழில் உண்மையானதுதான், நல்ல தொழிலும்கூட. ஆனால் மட்டக்களப்பு நகரில் ஓரிடத்தில் உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கும் குறிப்புகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சேரும்போது "வேலை நிச்சயம்" என்றார்கள். படித்து முடித்ததும் அது "சிவியை அனுப்பிவிடுகிறோம்" ஆகிவிட்டது. தவணை தவணையாக வாங்கிய காசுக்குக் கொடுத்த பற்றுச்சீட்டில் பாடநெறிக் கட்டணம் என்ற சொல்லே இல்லை, "நன்கொடை" என்று கையால் எழுதியிருக்கிறது. நன்கொடையைத் திருப்பிக் கேட்க முடியாது என்று பிறகு வாதாடத்தான் இந்த ஏற்பாடு. சான்றிதழில் பொன்னிறக் கரையும் முத்திரையும் உண்டு, பதிவிலக்கம் இல்லை.

காசை விடவும் பெரிய மோசம் பாடத்தில்தான். நரம்பியல் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் பார்க்கின்சன் நோய்க்கு ஜி20 என்று ஒரே வரி. அமெரிக்காவின் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் 2023 ஒக்டோபர் 1 முதல் வெறும் ஜி20 செல்லாது, போட்டால் காப்புறுதி கிளெய்ம் திரும்பி வரும். அது இப்போது ஐந்தாகப் பிரிந்திருக்கிறது. டிஸ்கைனீசியா எனப்படும், கட்டுப்பாடின்றி வரும் அசைவுகள் இல்லை, மருந்தின் வேலை ஏறி இறங்குவதாகவும் குறிப்பில்லை என்றால் ஜி20.ஏ1. டிஸ்கைனீசியா இல்லை, ஆனால் மருந்தின் வேலை இறங்கும் 'ஓஃப்' நேரங்கள் வருகின்றன என்றால் ஜி20.ஏ2. டிஸ்கைனீசியா மட்டும் இருந்தால் ஜி20.பி1, இரண்டும் இருந்தால் ஜி20.பி2. பார்க்கின்சோனிசம் (பார்க்கின்சன் போன்ற அறிகுறிகள்) என்று மட்டும் எழுதி வகை சொல்லாவிட்டால் ஜி20.சி.

வைத்தியர் வெறுமனே "பார்க்கின்சன் நோய்" என்று எழுதினால் ஜி20.ஏ1க்குத்தான் போகும். நோயாளி எடுக்கும் பார்க்கின்சன் மருந்தான லெவோடோபாவின் அளவைப் பார்த்து, இவருக்கு டிஸ்கைனீசியா இருக்கும் என்று கோடர் தானாக முடிவெடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் வைத்தியரிடம் எழுத்தில் கேட்க வேண்டும், அதுவும் பதிலை ஊட்டிவிடாத கேள்வியாக. "டிஸ்கைனீசியா இருக்கிறதுதானே?" என்று கேட்பது தவறு. இந்தக் கேள்வி கேட்கும் முறைதான் இத்தொழிலின் பாதி. அந்தக் குறிப்புகளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மாதிரி விடையொன்றில் பார்க்கின்சனுக்குக் கீழே நடுக்கத்துக்கு ஆர்25.1, நடைத் தடுமாற்றத்துக்கு ஆர்26.9 என்று அடுக்கியிருக்கிறார்கள். நோயோடு வழமையாக வரும் அறிகுறிகளைத் தனியாகக் கோட் செய்வதில்லை. ஆர்25.1க்கு வேறிடம் உண்டு: வெளிநோயாளர் குறிப்பில் "பார்க்கின்சனாக இருக்கலாம்" என்று மட்டும் இருந்தால், நோயைப் போடாமல் நடுக்கத்தைத்தான் போட வேண்டும். வைத்தியசாலை விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்றவருக்கு, வெளியேறும்போதும் அப்படி எழுதியிருந்தால், நோயையே கோட் செய்யலாம். பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு சொல்லப்படவே இல்லை.

மனநோய்க்குக் கொடுக்கும் ஹலோபெரிடோல் எடுத்ததால் உடல் இறுகி நடுக்கம் வந்தது என்று வைத்தியர் எழுதினால் அது ஜி20 குடும்பமே அல்ல. முதலில் ஜி21.11, அதன் பின்னால் மருந்தின் பக்கவிளைவுக்கு ரி43.4எக்ஸ்5ஏ. வேறு நோயின்றித் தனியாக வரும் நடுக்கமான எசென்ஷியல் ட்ரெமர் என்றால் ஜி25.0. இவை எல்லாவற்றையும் "நடுக்கம் என்றால் ஜி20" என்று கற்பித்திருக்கிறார்கள். மருந்தால் வந்த பிரச்சினை உள்ள ஒருவரின் பதிவேட்டில் தீராத நோயொன்று ஏறிவிடும், பிறகு அதை எடுக்க அந்த மனிதர் படும்பாடு கொஞ்சமல்ல.

ஊசி மருந்துக் கணக்கும் அப்படித்தான். கழுத்துத் தசை தானாக முறுகும் டிஸ்டோனியாவுக்கு, அதாவது ஜி24.3க்கு, 200 யூனிட் பொட்டொக்ஸ் குப்பியில் 185 யூனிட் ஏற்றி மிச்சத்தை வீசினால், பொட்டொக்ஸுக்கான கோடான ஜே0585 ஒரு வரியில் 185, வீசிய மருந்தைக் காட்டும் ஜேடபிள்யூ மொடிஃபயர் என்ற பின்னொட்டுடன் இன்னொரு வரியில் 15. குறிப்பிலோ ஒரு குப்பிக்கு '1' என்று இருக்கிறது. அந்தக் கோடில் 1 என்றால் ஒரு யூனிட். 200 யூனிட்டுக்குக் காசு வரவேண்டிய இடத்தில் ஒரு யூனிட்டுக்கு மட்டுமே வரும்.

இதே கோட் நம் ஆஸ்பத்திரிக்கும் சவூதிக்கும் அமெரிக்காவுக்கும் சரி என்பதும் பொய். இலங்கை அரச வைத்தியசாலைகளில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10, அங்கே ஜி20 இன்னும் செல்லும். சவூதியில் ஆஸ்திரேலியாவின் ஐசிடி-10-ஏஎம். எந்த நாட்டு வேலைக்கு என்று கேட்காமல் கற்பிப்பவரிடம் படிக்க வேண்டாம்.

சர்வதேசச் சான்றிதழ் என்று அவர்கள் சொன்னது ஏஏபிசி என்ற அமெரிக்கக் கோடர் அமைப்பின் சிபிசி சான்றிதழ் அல்ல. சிபிசி பரீட்சை என்பது 100 கேள்விகள், 4 மணித்தியாலம், 70 வீதம் எடுத்தால் சித்தி. பரீட்சைக் கட்டணமும் அங்கத்துவமும் தனி. தேறினாலும் இரண்டு வருட அனுபவம் இல்லாதவருக்குப் பெயருக்குப் பின்னால் பயிலுநர் என்ற 'ஏ' ஒட்டியிருக்கும். டொலர் சம்பளம் மறுநாளே வராது.

ஆகவே சேருமுன் நரம்பியல் பாடத்தின் பக்கங்களைக் கேளுங்கள். ஜி20.ஏ1 இல்லாவிட்டால் அது பழைய புத்தகத்தின் பிரதி. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பதிவையும், குறிப்பாக இந்தப் பாடநெறிக்கு அங்கீகாரம் உண்டா என்பதையும் பாருங்கள். கணினிப் பாடநெறிக்குப் பதிந்துவிட்டு அந்த இலக்கத்தையே இதற்கும் காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள்.

ஏற்கெனவே கட்டியவர்கள் பற்றுச்சீட்டு, விளம்பரப் படம், "வேலை நிச்சயம்" என்ற குரல்பதிவு எதையும் அழிக்க வேண்டாம். முதலில் காசைத் திருப்பிக் கேட்டு நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். அதன் பிரதியோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம், 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். ஒரே வகுப்பில் படித்தவர்கள் சேர்ந்து, ஆளுக்கொரு முறைப்பாடாக எழுதிக் கொடுங்கள்.