பாரிஸ் மியூசியங்களுக்கு முன்பதிவு: என் 9 வருட அனுபவம்

புதுச்சேரியிலிருந்து பாரிஸ் புறநகருக்குக் குடிவந்து 9 வருடம் ஆகிறது. வருடத்துக்கு இரண்டு முறையாவது ஊரிலிருந்து யாராவது வந்து தங்குவார்கள். சின்னம்மா குடும்பம், நாத்தனார், பள்ளித் தோழி, இரண்டு முறை அம்மா. ஈபிள் கோபுரத்துக்கு அடுத்து எல்லாரும் கேட்பது லூவ்ர் மியூசியம். அதனால் கிழமை பார்ப்பதும் டிக்கெட் எடுப்பதும் எங்கள் வீட்டில் என் வேலையாகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கும், என்னைப் போல வருகிறவர்களை அழைத்துப்போகிறவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் கிழமை. லூவ்ர், ஓரான்ஜெரி, கிமே மூன்றுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஓர்சே, ரொதான், பிக்காசோ, நகராட்சி நடத்தும் மியூசியங்களில் பெரும்பாலானவை, இவற்றுக்குத் திங்கள். வந்த முதல் வருடம் இது எனக்குத் தெரியாது. சின்னம்மா, சித்தப்பா, இரண்டு பிள்ளைகள், நான், ஐந்து பேரும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் லூவ்ர் வாசலில் இருக்கும் கண்ணாடிப் பிரமிடுக்கு முன்னால் போய் நின்றோம். வியாழக்கிழமை அவர்களுக்கு ஊருக்கு விமானம், புதன்கிழமை முழுக்க வேறு ஏற்பாடு. "பரவாயில்லைம்மா, வெளியே பார்த்ததே போதும்" என்றார் சின்னம்மா. அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும், விமான டிக்கெட் தேதி தெரிந்ததும் காலண்டரில் திங்களையும் செவ்வாயையும் முதலில் வட்டமிட்டுவிடுவேன். மே 1, டிசம்பர் 25, ஜனவரி 1 ஆகிய நாள்களில் லூவ்ர் கிடையாது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிக்கெட். மியூசியத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடும்போது முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள்தான். பார்த்தால் உண்மையான தளம் போலவே இருக்கும். தோழி வந்தபோது அவசரத்தில் அப்படி ஒன்றில் வாங்கினேன். ஒரு டிக்கெட்டுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதற்கு அவர்கள் தந்தது, வாசல்வரை கூட வந்து டிக்கெட்டைக் கையில் கொடுக்கும் ஓர் ஆள். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் முகவரியை நானே தட்டச்சு செய்து உள்ளே போகிறேன்.

லூவ்ரில் நேரம் குறித்துத்தான் டிக்கெட். குறித்த நேரத்திலிருந்து அரை மணிக்குள் போய்விட வேண்டும். உள்ளே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் வெளியே வந்துவிட்டால் அதே டிக்கெட்டில் மறுபடி நுழைய முடியாது. சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் பார்க்கலாம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டில் புளியோதரையை மியூசியத்துக்குள் போவதற்கு முன்பே, பக்கத்திலிருக்கும் துய்லரி தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்து முடித்துவிடுவோம். பெரிய பெட்டிகளை உள்ளே அனுமதிப்பதில்லை, ஆகவே விமான நிலையத்திலிருந்து நேராகப் போகும் திட்டம் வேண்டாம்.

18 வயதுக்குக் கீழே எந்த நாட்டுப் பிள்ளையாக இருந்தாலும் லூவ்ரில் இலவசம். ஐரோப்பியப் பொருளாதார வட்டத்தில் (ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் நார்வே போன்ற சில நாடுகளும்) வசிக்கும் 26 வயதுக்குட்பட்டவர்களுக்கும் அப்படியே. இங்கே படிக்க வந்திருக்கும் நம் ஊர் மாணவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை, தெரியாமல் காசு கொடுக்கிறார்கள். குடியிருப்பு அட்டையைக் கையில் வைத்திருந்தால் போதும். ஆனால் ஒன்று, இலவசமாக நுழைகிறவர்களுக்கும் நேரச் சீட்டு எடுத்து வைப்பது நல்லது. பூஜ்யம் யூரோ என்று போட்டு ஒரு சீட்டு வரும். பிள்ளைகளுக்கு இலவசம்தானே என்று அதை விட்டுவிட்டுப் போனால், கூட்டமான நாளில் பெரியவர்கள் உள்ளேயும் பிள்ளைகள் வெளியேயுமாக நிற்க நேரிடும்.

பெரியவர்களுக்கு லூவ்ர் டிக்கெட் 2024 முதல் 22 யூரோ. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் 32 யூரோ. நம் பணத்தில் மூவாயிரத்துக்கு மேல். பழைய கட்டடத்தைப் பராமரிக்கச் செலவு இருக்கிறது, புரிகிறது. ஆனால் மெசபடோமியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் வந்த பொருள்கள் நிறைந்த வீட்டில், தூரத்திலிருந்து வருகிறவரிடம் அதிகம் வாங்குவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. நாத்தனாரின் மாமனார் மாமியாருக்கு இதைச் சொல்லும்போது சங்கடமாகத்தான் இருந்தது.

பாஸ் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். பல மியூசியங்களுக்கு ஒரே சீட்டாகப் பயன்படும் பாரிஸ் மியூசியம் பாஸ் 48, 96, 144 மணிநேரத்துக்குக் கிடைக்கிறது. முதல் மியூசியத்தில் நுழைந்த நிமிடத்திலிருந்து கணக்கு ஓடும். நான் இரண்டு முறை வாங்கினேன், இனி வாங்கமாட்டேன். கணக்குப் போட்டால் லாபம்தான். ஆனால் அந்த லாபம் வர வேண்டுமானால் ஒரே நாளில் இரண்டு மூன்று இடம் ஏறி இறங்க வேண்டும். அறுபது வயதுக்காரர் முதல் நாள் மாலையே காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார், பாஸில் மணி மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பாஸ் கையில் இருந்தாலும் லூவ்ர், ஓரான்ஜெரி, செயின்ட் சப்பல் தேவாலயம் போன்ற இடங்களுக்குத் தனியாக நேரம் பதிவு செய்யத்தான் வேண்டும், பாஸ் வாங்கியபின் அதைத் தேடினால் நல்ல நேரங்கள் போயிருக்கும். இளைஞர்கள், வேகமாக நடப்பவர்கள், மூன்று நாளில் எல்லாம் பார்க்க நினைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

என் வழி இப்போது இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு மியூசியம், கூட வருபவர்களில் யார் மெதுவாக நடப்பாரோ அவருக்கு ஏற்ற நேரம், அன்றைக்கு வேறு எந்தப் பதிவும் இல்லை.

லூவ்ருக்கு நான் தேர்ந்தெடுப்பது புதன் அல்லது வெள்ளி மாலை. அந்த இரண்டு நாளும் இரவு 9 மணிவரை திறந்திருக்கும். காலையில் வரும் குழுக்கள் போயிருப்பார்கள். பிரமிடு வழியே இறங்கியதும் எல்லாரும் மோனாலிசா இருக்கும் தெனோன் பக்கம் போவார்கள். நாங்கள் எதிர்ப்பக்கம், ரிஷ்லியு பகுதிக்குப் போவோம். அங்கே கோர்சபாத் முற்றத்தில் பழைய அசீரிய அரசர் இரண்டாம் சார்கோன் அரண்மனையின் வாயில்காப்பாளர்கள் நிற்கிறார்கள்: மனித முகம், காளையின் உடல், கழுகின் சிறகு. முன்னாலிருந்து பார்த்தால் அசையாமல் நிற்பது போலவும், பக்கவாட்டில் பார்த்தால் நடப்பது போலவும் தெரிய ஐந்து கால் செதுக்கியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளிடம் "எத்தனை கால் என்று எண்ணிச் சொல்லு" என்று விட்டுவிடுவேன். பக்கத்திலேயே பாபிலோன் அரசர் ஹம்முராபியின் சட்டங்கள் பொறித்த கருங்கல் தூண். நம் ஊர்க் கோயில் கல்வெட்டுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பொடி எழுத்து வரிசை உடனே பிடித்துப்போகிறது. சித்தப்பாவை 3 வருடம் கழித்து மறுபடி அழைத்துப்போனேன், அவர் அந்தத் தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மோனாலிசாவைக் கடைசி ஒரு மணிநேரத்துக்கு வைத்துக்கொள்வோம். படம் 77 சென்டிமீட்டர் உயரம்தான். முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் "இவ்வளவுதானா" என்று முகம் வாடிவிடும். அதே அறையில் எதிர்ச் சுவரில் வெரொனேசே என்ற ஓவியர் வரைந்த, பைபிளில் வரும் கானா ஊர்த் திருமணம், ஏறத்தாழ 10 மீட்டர் அகலம். பந்தி, வாத்தியக்காரர்கள், நாய்கள், பரிமாறுகிறவர்கள் என்று ஒரு கல்யாண மண்டபமே இருக்கிறது. நாத்தனார் அங்கேதான் அதிக நேரம் நின்றார்.

ஒரு எச்சரிக்கை: பெரிய மியூசியங்களில் எல்லா அறைகளும் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. லூவ்ர் தன் தளத்தில் எந்தக் கிழமை எந்தப் பகுதி மூடியிருக்கும் என்று வெளியிடுகிறது. போவதற்கு முந்தின நாள் பாருங்கள். வேலைநிறுத்தம் என்றால் அன்று காலையில்தான் தெரியும். அப்படி ஓரிடத்தில் இரண்டு மணிநேரம் காத்திருந்து திரும்பியிருக்கிறோம். அதற்காகவே, வருகிறவர்கள் தங்கும் கடைசி நாளில் முக்கியமான எதையும் வைப்பதில்லை.

நடக்க முடியாதவர்கள் இருந்தால் தயங்க வேண்டாம். லூவ்ரில் அடையாள அட்டையைக் கொடுத்தால் சக்கர நாற்காலி இரவல் தருவார்கள். அம்மா முதலில் "எனக்கா?" என்று கோபித்தார், அரை மணி கழித்து அவரே உட்கார்ந்தார்.

பதிவே வேண்டாத இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கார்னவாலே, பெத்தி பலே, விக்தர் ஹ்யூகோ வீடு போன்ற நகராட்சி மியூசியங்களில் நிரந்தரக் காட்சி இலவசம். மழை பிடித்துக்கொண்டால் அப்படியே நுழைந்துவிடலாம். பாரிஸ் நகரத்தின் கதையைச் சொல்லும் கார்னவாலேயில் பழைய கடைகளின் பெயர்ப்பலகைகள் ஓர் அறை நிறையத் தொங்குகின்றன, பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஓர்சே, ஓரான்ஜெரி, கிமே ஆகியவை மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். அவற்றில் ஓர்சேக்கும் ஓரான்ஜெரிக்கும் அன்றும் நேரம் பதிவு செய்தாக வேண்டும், சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கிமேக்கு அம்மாவை அப்படி ஒரு முதல் ஞாயிறு அழைத்துப்போனேன். எமில் கிமே என்ற லியோன் தொழிலதிபர் தொடங்கிய ஆசியக் கலை மியூசியம், பாரிஸில் 1889 முதல் இருக்கிறது. 9ஆம் எண் மெத்ரோவில் இயேனாவில் இறங்கினால் எதிரிலேயே. தரைத்தளத்தில் கம்போடியச் சிற்பங்களைக் கடந்து இந்திய அறைக்குள் போனதும் சோழர் கால நடராசர். அம்மா கும்பிடுவார், கண்ணில் நீர் வரும் என்று நினைத்தேன். கும்பிட்டார். அப்புறம் நெருங்கிப்போய், "கோயில்ல பட்டும் மாலையுமா இருக்கும், முகமும் கையும்தான் தெரியும். தூக்கின காலோட முழங்கால் இப்படி வளையும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். அறுபத்தெட்டு வயது வரை ஒவ்வொரு திருவாதிரைக்கும் நடராசரைப் பார்த்தவர். கூட்டமே இல்லை. முக்கால் மணிநேரம் அந்த ஓர் அறையில் இருந்தோம். யாரும் அவசரப்படுத்தவில்லை, எங்களுக்கும் அடுத்து போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.

ஜூனில் அண்ணன் குடும்பம் வருகிறது. பத்து நாள் தங்குகிறார்கள். இதுவரை பதிவு செய்திருப்பது ஒன்றே ஒன்று: வியாழன் மாலை ஆறரைக்கு ஓர்சே. வியாழன் இரவு 9.45 வரை திறந்திருக்கும், ஆறு மணிக்கு மேல் டிக்கெட் விலையும் குறைவு. பழைய ரயில் நிலையம் என்பதால் மேல்தளத்துப் பெரிய கடிகாரத்தின் கண்ணாடி வழியே சேன் நதி தெரியும், ஜூனில் அந்நேரமும் வெளிச்சம் இருக்கும். பெரியவர்கள் மூன்று, பூஜ்யம் யூரோ சீட்டு இரண்டு. அண்ணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.