ஆல்பத்துல இருக்கிறவர் கமாண்டோவா? பேட்ஜ், ஆப், சர்வீஸ் ரெக்கார்டு, எதை நம்பலாம்

என் மனைவி ஸ்காட்லாந்துக்காரங்க. அவங்க தாத்தாவோட தம்பி ரெண்டாம் உலகப்போர்ல கமாண்டோவா இருந்தார்னு அந்த வீட்டுல எல்லாருமே சொல்லுவாங்க, ஆனா கையில இருந்தது ஆல்பத்துல ஒட்டியிருந்த கொஞ்சம் கறுப்பு வெள்ளை போட்டோ மட்டும்தான். அது உண்மைதானானு தேட ஆரம்பிச்சப்போ மூணு வழி இருந்துச்சு. போட்டோவை ஆப்ல போட்டு கலராக்கி தெளிவாக்கி பார்க்கிறது, உடுப்புலயும் தொப்பியிலயும் இருக்கிற பேட்ஜை வெச்சு அடையாளம் பிடிக்கிறது, இல்லன்னா அவரோட ராணுவ சர்வீஸ் ரெக்கார்டுக்கு எழுதிப் போடுறது. மூணையும் பார்த்துட்டு நான் ரெக்கார்டு பக்கம்தான் நிக்கிறேன். பிரிட்டிஷ் கமாண்டோக்களை வெச்சுதான் இதை எழுதுறேன், அமெரிக்க ரேஞ்சர் மாதிரி மத்த நாட்டு படைகளுக்கு எனக்கு அனுபவம் கிடையாது.

ஆப் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணும் இல்ல. முகத்தை கொஞ்சம் பளிச்சுனு காட்டும், வீட்டுல பெரியவங்க பார்த்து சந்தோஷப்படுவாங்க, அது வரைக்கும் சரி. ஆனா கமாண்டோ விஷயத்துல நமக்கு வேண்டியதே தொப்பியோட கலர்தான். கமாண்டோ போட்டது பச்சை பெரே, பாராசூட் படை போட்டது மெரூன் பெரே, டாங்கி படை போட்டது கறுப்பு பெரே, கறுப்பு வெள்ளையில மூணுமே ஒரே மாதிரி இருண்டுதான் தெரியும். அதுலயும் அந்தக் காலத்து சில ஃபிலிம் சிவப்பையே கறுப்பா பதியும், அதனால தோள்ல கறுப்பு துணியில சிவப்பு நூலால கமாண்டோனு எழுதியிருந்தாலும் போட்டோல வெறும் கறுப்புப் பட்டையாதான் தெரியலாம். இந்த நிலைமையில ஆப் போடுற கலர் அதோட ஊகம், அவ்வளவுதான். தெளிவாக்குறேன்னு இல்லாத கோடுகளை பேட்ஜ்ல வரைஞ்சிட்டா அப்புறம் நம்ம தேடலே தடம் மாறிடும். முகத்துக்கு முகம் ஒப்பிட்டு சொல்ற சாஃப்ட்வேரை நான் சரியா சோதிச்சுப் பார்க்கல, அதனால அது தேறுமா தேறாதானு நான் சொல்றது நியாயமா இருக்காது.

பேட்ஜ் வழி நிஜமாவே நல்ல வழி. காசு வேண்டாம், ஒரு பூதக்கண்ணாடியும் நல்ல ஸ்கேனும் போதும், இன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து ஆரம்பிக்கலாம். பச்சை பெரே 1942 கடைசியிலதான் கொடுக்க ஆரம்பிச்சாங்க, அதனால அது உறுதியா தெரிஞ்சா போட்டோவோட காலமும் ஓரளவு பிடிபட்டுடும். அதுக்கு முன்னாடி ஆளுக்கொரு தொப்பி, ஸ்காட்டிஷ் டாமோஷான்டர், பின்னல் குல்லாய்னு எது வேணா இருக்கும். பின்னல் குல்லாய் போட்டிருந்தா உடனே கமாண்டோனு முடிவு பண்ணிடாதீங்க, அது ராணுவம் பூரா எல்லாருக்கும் கொடுத்த குல்லாய்.

இன்னொரு பொறி கம்பைண்ட் ஆபரேஷன்ஸ் பட்டை, அதாவது முப்படையும் சேர்ந்து கடல் வழியா தாக்குறதுக்கான அமைப்போட பட்டை. நங்கூரம், டாமி கன், கழுகு மூணும் சேர்ந்து இருக்கும், பார்த்தாலே கமாண்டோனு தோணும். ஆனா தரையிறங்கும் படகை ஓட்டின கடற்படை ஆளுங்க, விமானப்படையோட சர்வீசிங் கமாண்டோ மெக்கானிக்குங்க, இப்படி அந்த அமைப்புல வேலை செஞ்ச பல பேரும் அதைப் போட்டிருந்தாங்க. அதை மட்டும் வெச்சு ஒருத்தரை பச்சை பெரே கமாண்டோனு சொல்ல முடியாது.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா நான் ரெக்கார்டு பக்கம் சாய்ஞ்சதுக்கு இந்த ஒரு காரணம்தான். ராணுவ கமாண்டோங்கிறது நேரா ஆள் எடுத்த ஒரு ரெஜிமெண்ட் இல்ல. 1940ல பிரான்ஸ் கடற்கரை டன்கிர்க்ல இருந்து பின்வாங்கின கையோட, எதிரி கரையில போய் தாக்கிட்டு திரும்ப ஒரு படை வேணும்னு சர்ச்சில் கேட்டு, அதுக்கு ராணுவம் பூராலயும் இருந்து தானா முன்வந்தவங்களை சேர்த்தாங்க. வந்தவங்க தாய் ரெஜிமெண்ட்டை விட்டுட்டு வரல, அங்கேர்ந்து இணைப்புலதான் வந்தாங்க. அதனால பச்சை பெரே போட்டதுக்கு அப்புறமும் அதுல பெரும்பாலானவங்க குத்தினது அவங்கவங்க பழைய ரெஜிமெண்ட் பேட்ஜைத்தான். ஒரே ட்ரூப்போட, அதாவது கமாண்டோ யூனிட்டுக்குள்ள ஒரு பிரிவோட, குரூப் போட்டோல பத்து வகை பேட்ஜ் இருக்கும், அத்தனை பேரும் கமாண்டோவா இருப்பாங்க. அதுக்கு நேர் எதிரா, சேர்றதுக்கு முன்னாடி எடுத்த போட்டோல கமாண்டோங்கிறதுக்கு ஒரு தடயமும் இருக்காது. பேட்ஜ் எங்கேர்ந்து வந்தார்னு சொல்லும், எங்க போனார்னு சொல்லாது.

எங்க ஆல்பத்துல இருந்தவர் தொப்பியில மான் தலை பேட்ஜ். மான் தலைனா கார்டன் ஹைலாண்டர்ஸா இருக்கலாம், சீஃபோர்த் ஹைலாண்டர்ஸாவும் இருக்கலாம், ரெண்டுக்கும் மான் தலைதான். சுத்தி ஐவி இலை வளையம் இருந்தா கார்டன். அதைப் பிடிக்கவே ஸ்கேனை பெருசாக்கி பெருசாக்கி கண்ணு வலிச்சுப் போச்சு, கடைசியில கார்டன்னு தெரிஞ்சது, ஆனா எங்க கேள்வி அங்கேயேதான் நின்னுச்சு. கார்டன் ஹைலாண்டர்ஸ்ல ஆயிரக்கணக்கான பேர் இருந்தாங்க, அதுல கமாண்டோவுக்கு போனவங்க ரொம்பக் கம்மி.

இது இறந்தவங்களுக்கும் பொருந்தும். 1945 ஜனவரி 31ல பர்மாவுல காங்கா பக்கத்துல 170ஆம் குன்றுல தன் ஆளுங்களோட கடைசி வரைக்கும் நின்னு சண்டை போட்டு உயிரை விட்டு பிரிட்டனோட உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கின லெப்டினன்ட் ஜார்ஜ் நோலண்ட், 1ஆம் நம்பர் கமாண்டோ (கமாண்டோ யூனிட்டுகளுக்கு நம்பர்தான் பேரு), ஆனா அவரோட தாய் ரெஜிமெண்ட் ராயல் நார்ஃபோக். அவரையே தொப்பி பேட்ஜை மட்டும் வெச்சு தேடினா நார்ஃபோக்லதான் போய் நிப்போம்.

சர்வீஸ் ரெக்கார்டுல பி 103னு ஒரு படிவம் இருக்கும். அதுல வரிசையா தேதி போட்டு எந்த யூனிட்ல இருந்து எந்த யூனிட்டுக்கு, எப்போ கப்பல் ஏறினார், எப்போ ஆஸ்பத்திரியில சேர்ந்தார் எல்லாம் இருக்கும். சுருக்கெழுத்தா கிறுக்கியிருப்பாங்க, பொறுமையா படிக்கணும். எஸ்.எஸ். பிரிகேடுனு இருந்தா பதறாதீங்க, ஸ்பெஷல் சர்வீஸ்ங்கிறதோட சுருக்கம் அது, ஹிட்லரோட நாஜிப் படை எஸ்.எஸ்.ஸோட குழம்புதுன்னுதான் 1944 டிசம்பர்ல கமாண்டோ பிரிகேடுனு பேரை மாத்தினாங்க.

எங்களுக்கு வந்த படிவத்துல 1943ல 5ஆம் நம்பர் கமாண்டோனு ஒரு வரி இருந்துச்சு. அந்த ஒரு வரி ஆல்பத்துல பாதியை சரி பண்ணிடுச்சு. மரங்கள் நடுவுல அரை டிரவுசரோட நிக்கிற ஒரு போட்டோவை மடகாஸ்கர்னு வீட்டுல சொல்லிட்டு இருந்தாங்க, 5ஆம் நம்பர் அங்க இறங்கினது நிஜம்தான், ஆனா அது 1942, இவர் சேர்றதுக்கு முன்னாடி. இவர் போன காலத்துல அந்த யூனிட் 3ஆம் பிரிகேடோட இந்தியா வந்து, பர்மா கரையோரம் அரக்கான்ல சண்டை போட்டு, 1944ல திருகோணமலையில இருந்து, திரும்ப பர்மா போய், போர் முடிஞ்சு ஹாங்காங் வரைக்கும் போயிருக்கு. போட்டோல பின்னாடி நிக்கிறது பனை மரம். நம்ம கண்ணுக்கு பனையைப் பார்த்ததும் திருகோணமலைனு சொல்லத் தோணுது, எனக்கு ஆசையும் அதுதான், ஆனா பர்மாலயும் பனை நிறைய உண்டு, அதனால ஆல்பத்துல இந்தியா, இலங்கை அல்லது பர்மானு மட்டும் எழுதி வெச்சிருக்கோம்.

மெடல் இருந்தா போதாதானு கேட்கலாம். முதல் உலகப்போர் மெடல்ல விளிம்புல பேர் வெட்டியிருக்கும், ரெண்டாம் போர்ல பிரிட்டிஷ் ராணுவத்துக்கு கொடுத்த ஸ்டார் மெடல்ல பேரே கிடையாது, கமாண்டோவுக்குனு தனி மெடலும் கிடையாது. பர்மா ஸ்டார் இருந்தா பர்மா பக்கம் இருந்தார்னு தெரியும், எந்த யூனிட்னு தெரியாது.

ரெக்கார்டுலயும் குறை இருக்கு, மறைக்க மாட்டேன். மாசக்கணக்குல காத்திருக்கணும். 2022லேர்ந்து இந்த ஃபைல்களை பாதுகாப்பு அமைச்சகத்துல இருந்து லண்டன் கியூவுல இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாத்திக்கிட்டு இருக்காங்க, அதனால முதல்ல எங்க இருக்குனு பார்த்துட்டு எழுதுங்க. பிறந்து 115 வருஷம் ஆகலன்னா இறப்புக்கு ஆதாரம் கேட்பாங்க. எல்லாத்துக்கும் மேல பேரும் பிறந்த தேதியும் வேணும், யாருன்னே தெரியாத முகத்துக்கு இந்த வழி உதவாது, குரூப் போட்டோல நம்மாளு எந்த வரிசையில நிக்கிறார்னும் அது சொல்லாது.

யாருன்னே தெரியாத முகம் குடும்ப ஆல்பத்துல இருக்கிறதுக்கு கமாண்டோ விஷயத்துல ஒரு தனி காரணம் உண்டு. அவங்களுக்கு பேரக்ஸ் கிடையாது, நாளைக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கொடுத்து நீயே தங்க இடம் பார்த்துக்கோனு விட்டுடுவாங்க. ஸ்காட்லாந்து கடற்கரையில 4ஆம் நம்பர் ட்ரூன்லயும் 3ஆம் நம்பர் லார்க்ஸ்லயும் சாதாரண குடும்பங்க வீட்டுல வாடகைக்கு இருந்திருக்காங்க. ஸ்காட்லாந்து கடற்கரை ஊர் ஆல்பத்துல வீட்டம்மா பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கிற பையன் சொந்தக்காரனாவே இல்லாம இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு பேட்ஜ்தான் ஒரே துணை, அதோட யூனிட் போர் டைரியையும் சேர்த்துப் பார்க்கணும், கியூவுல டபிள்யூ.ஓ. 218 வரிசையில இருக்கு.

பேரு தெரிஞ்சும் ரெக்கார்டு குழப்பக்கூடிய ஒரு கூட்டமும் உண்டு. 10ஆம் நம்பர் கமாண்டோல எக்ஸ் ட்ரூப்புனு ஒண்ணு, பெரும்பாலும் ஜெர்மனி, ஆஸ்திரியாவுல இருந்து தப்பிச்சு வந்த யூதப் பசங்க. மாட்டிக்கிட்டா உயிர் போயிடும்னு எல்லாருக்கும் இங்கிலீஷ் பேரு, பிரிட்டிஷ் ரெஜிமெண்ட் பேட்ஜ், புதுசா ஒரு வாழ்க்கைக் கதை. வியன்னாவுல பீட்டர் அரானிங்கிற பேர்ல பிறந்தவர் பீட்டர் மாஸ்டர்ஸ் ஆனது அப்படித்தான். அந்த மாதிரி குடும்பம்னா ரெண்டு பேரையும் போட்டு கேளுங்க.

கடற்படையோட சேர்ந்த ராயல் மரைன் வீரர்களோட கமாண்டோ, அதாவது 40லேர்ந்து 48 வரைக்கும் நம்பர் உள்ளதுன்னா கதை வேற. அவங்க எல்லாருக்கும் ஒரே பேட்ஜ், பூமி உருண்டையும் அதைச் சுத்தி இலை மாலையும், அதனால போட்டோலயே அவங்க மரைன்னு பாதி தெரிஞ்சுடும், ரெக்கார்டு கேட்கும்போது ராணுவம்னு போடாம ராயல் மரைன்னு போடணும். போர்ல இறந்தவர்னா காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட பட்டியலை முதல்ல பாருங்க, காசு கிடையாது, ரெஜிமெண்ட் பேருக்குப் பக்கத்துலயே எந்த கமாண்டோவோட இணைஞ்சிருந்தார்னு பல பேருக்கு எழுதியிருக்கும். மத்தவங்களுக்கு, பேரும் பிறந்த தேதியும் கையில இருந்தா விண்ணப்பத்தை முதல்ல அனுப்பிடுங்க, ஸ்கேன் பண்றதும் பேட்ஜ் தேடுறதும் அது வர்ற வரைக்கும் செய்யலாம்.